மச்சான் கம்பெனி

அந்தத் தொழிற்சாலைக்கு எங்களை அழைத்துப் போனது ஒரு பரிசாக. கோடையில் அதிகம் விற்ற சேல்ஸ்மேன்கள் பன்னிரண்டு பேரை ஒரு ஏ.சி. வேனில் ஏற்றி, சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குளிர்பான ஆலைக்குக் கூட்டிப் போனார்கள். ஆரணியிலிருந்து நான் ஒருவன்தான். தலையில் வலைத் தொப்பி, காலில் பிளாஸ்டிக் உறை, மேலே வெள்ளைக் கோட்டு. ஆபரேஷன் தியேட்டருக்குள் போவது போல உள்ளே போனோம்.

பாட்டில்கள் பிறக்கும் இடத்தை முதலில் காட்டினார்கள். கட்டைவிரல் அளவுக்கு, டெஸ்ட் ட்யூப் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் வரிசையாக வந்து சூட்டில் நுழைகிறது. ஒரு மூச்சுக் காற்று. மறுபக்கம் முழு பாட்டிலாக வெளியே வருகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த நொடியில் குழாய் பாட்டில் ஆகிறது என்று கடைசிவரை என் கண்ணில் சிக்கவில்லை. அங்கிருந்து நிரப்பும் இடத்துக்கு ஓடும்போது அவை தனித்தனி பாட்டிலாகவே தெரியவில்லை. ஒரு கண்ணாடி ஆறு ஓடுவது போல இருந்தது. மூடி விழும் சத்தம் மழைச் சத்தம் மாதிரி விடாமல் கேட்டது. அவ்வளவு பெரிய ஹாலில் ஆட்கள் என்று பார்த்தால் ஏழெட்டு பேர்தான்.

பிறகு மாடிப்படி ஏறி சர்க்கரை அறைக்குப் போனோம். மூட்டை மூட்டையாகப் பிரித்து ஒரு ஸ்டீல் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அருவி விழுவது போல வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. காற்றே இனித்தது. உதட்டை நாக்கால் தொட்டேன், அதுவும் இனித்தது.

கூட வந்த இன்ஜினியரிடம் கேட்டேன். "சார், இவ்ளோ சக்கரையும் இதுக்குள்ளயா போகுது?"

அவர் சிரித்தார். "வேற எங்க போகும்?"

ஒரு நாளைக்கு எத்தனை டன் என்று ஒரு எண்ணிக்கை சொன்னார். அது என் மண்டையில் நிற்கவில்லை. என் மண்டையில் நின்றது வேறு. இங்கே ஓடுகிற இந்த ஆற்றின் ஒரு வாய்க்கால் ஆரணி வரை வருகிறது, அதைத் திறந்துவிடுகிறவன் நான். அந்தப் பெருமையோடுதான் வெளியே வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன்.

மாமா என் அக்காவின் கணவர். ஆரணியில் பட்டுப் புடவை நெய்கிறவர். நான் டிப்ளமா படித்த மூன்று வருஷமும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். தறி இருக்கும் முன்னறையிலேயே ஓரமாகப் பாய் போட்டுப் படித்தேன். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, குளிர்பான ஏஜென்சிக்காரரிடம் போய் எனக்காகப் பேசியவரும் அவர்தான். ஏஜென்சிக்காரர் வீட்டுக் கல்யாணப் புடவை மாமாவின் தறியில் நெய்தது. அந்தப் பழக்கத்தில் வேலை கிடைத்தது.

போனில் நான் சொல்லச் சொல்ல மாமா "அப்டியா, அப்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "மச்சான், நம்ம தறியில ஒரு புடவை எறங்க பத்து நாள் ஆவுது. அங்க கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள பாட்டில் வந்துடுதா! மனுசன் இன்னா மூளைடா!" என்றார்.

என் லைன் பெரியது. திங்கள், வியாழன் ஆரணி டவுன். ஒரு நாள் கலசப்பாக்கம் பக்கம், ஒரு நாள் தெள்ளார் வரை. வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு கடைகடையாக இறக்குவேன். ஆனால் சரக்கு இறக்குவது மட்டும் என் வேலையில்லை. எங்கே ஃப்ரிட்ஜ் வைக்கலாம் என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. கம்பெனி இலவசமாக ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் கொடுக்கும். உள்ளே விளக்கு எரியும். அதில் கம்பெனி சரக்கு மட்டும்தான் வைக்க வேண்டும். வெயிலில் வருகிறவன் கண்ணுக்கு நேராக அது தெரிய வேண்டும். எந்த இடத்தில் மனிதர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொல்லலாம். அதில் நான் கெட்டிக்காரன். பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று, மாமா இருக்கிற நெசவாளர் தெரு முனைப் பெட்டிக்கடையில் ஒன்று என்று வைத்தேன்.

தெரு முனை ஃப்ரிட்ஜ் வந்த அன்று மாமாதான் முதல் பாட்டில் வாங்கினார். தான் குடித்ததோடு நிற்கவில்லை. பக்கத்துத் தறிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வாங்கிக் கொடுத்தார்.

"குடிங்கப்பா, எங்க மச்சான் கம்பெனி!"

அன்றிலிருந்து அந்தத் தெருவில் அந்தக் குளிர்பானத்துக்குப் பெயரே மச்சான் கம்பெனி என்று ஆகிவிட்டது. "ஒரு மச்சான் கம்பெனி குடு" என்று கடையில் கேட்பார்கள். கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். மதியம் மூன்று மணிக்குத் தறியை விட்டு எழுந்து முதுகை நிமிர்த்தும்போது, முன்பெல்லாம் டீக்கடைக்குப் போனவர்கள் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினார்கள். தறி ஓடும் அறையில் ஃபேன் போட மாட்டார்கள். தறியில் நீளவாட்டில் கட்டியிருக்கும் பாவு நூல் காற்றில் காய்ந்தால் இழை அறும். பங்குனி சித்திரையில் அந்த அறைக்குள் உட்கார்ந்து எழுந்தவனுக்குக் குளிர்ந்த பாட்டில் கையில் பட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா தண்ணீர் கொண்டு வருவதற்குள் மாமா பாட்டிலை நீட்டியிருப்பார். மாசக் கடைசியில் எனக்கு டார்கெட் குறைந்தால் அவர் முகத்தில்தான் முதலில் கவலை தெரியும். "இன்னும் எத்தினி கேஸ் வேணும் மச்சான்?" என்பார். சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டு கேஸ் பாட்டிலை எடுத்துத் தெருவுக்கே பங்கு வைத்துவிடுவார்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது.

கடைசி இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டிக்கடையின் விற்பனை நன்றாக ஏறியது. ஏஜென்சியில் என்னைப் பாராட்டினார்கள். ஏறியதில் ஒரு பங்கு மாமா. அவர் முன்பு ஒரு பாட்டில் குடிப்பார். பிறகு இரண்டு, மூன்று. "இன்னாவோ தெரில மச்சான், இந்த வருசம் நாக்கு வறண்டுகினே கீது. எத்தினி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, "வெயில் அப்படி மாமா" என்றேன். உடம்பு இளைத்திருந்தது. தறியில் பாடுபடுகிற உடம்பு, தொப்பை இறங்கினது நல்லதுதானே என்று அக்காகூடச் சொன்னாள். இரண்டு மணிக்கொருமுறை பின்பக்கம் எழுந்து போவதை, இவ்வளவு குடித்தால் போகத்தானே வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தை மாதம், மாமாவுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி ஒரு புடவையைத் திருப்பி அனுப்பினார். முந்தானை ஓரத்தில் ஜரிகைப் பூ வரிசையில் ஓர் இடத்தில் இழை தப்பியிருந்தது. விரித்துப் பிடித்து விரலால் காட்டினால்தான் தெரியும். ஆனால் மாமாவின் தறியில் இருந்து ஒரு புடவை திரும்பி வந்து நான் பார்த்ததேயில்லை. அவர் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"எங்க தப்பு?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா விரல் வைத்துக் காட்டினாள். அவர் மறுபடி பார்த்தார். தப்பு எங்கே என்று காட்டிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புடவையைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி மாமாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா பின்னால் ஆட்டோவில் வந்தாள். அங்கே முதலில் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் முகம் மாறி, சீட்டில் எதையோ எழுதிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். அதன்பின் ஒரு மெஷின் முன்னால் முகத்தை வைக்கச் சொல்லி, பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இதுதாங்க உங்க கண்ணோட உள்பக்கம்" என்றார்.

நான் தொழிற்சாலையைப் பார்த்து வாய் பிளந்தவன்தான். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. சாயங்கால வானத்தின் நிறத்தில் ஒரு வட்டம். ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஒளிவிடும் ஒரு புள்ளி. அதிலிருந்து சிவப்பு இழைகள் கிளம்பி மேலும் கீழுமாக வளைந்து, பிரிந்து, பிரிந்ததில் இருந்து இன்னும் பிரிந்து, பார்க்க முடியாத அளவுக்கு மெலிந்து அந்த வட்டம் முழுக்கப் பரவியிருந்தன. எந்த இழையும் இன்னொன்றின் மேல் சிக்கவில்லை. இத்தனையும் ஒரு மனிதனின் கண்ணுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இருட்டில், இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் ஜரிகையைப் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்திருக்கிறார்.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மருந்து விட்ட கண்ணில் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, இந்த இழைங்க எவ்ளோ நைசு இருக்கும்?"

"கடைசி நுனியில எல்லாம் தலைமுடியை விட ரொம்ப ரொம்ப மெல்லிசுங்க."

"பாவு ஓடுற மாதிரியே கீதுங்க," என்றார். "எவ்ளோ நறுவிசா ஓடிக்கீது பாருங்க. நாங்கல்லாம் இன்னாத்த நெய்யறோம்?"

டாக்டர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு பென்சில் முனையால் திரையில் தொட்டுக் காட்டினார். இழைகளுக்கு இடையில் சிவப்புப் பொட்டு பொட்டாக, பூச்சி கடித்தது போல. அங்கங்கே மஞ்சளாகத் தெறித்த மாதிரி.

"இங்கல்லாம் ரத்தம் கசிஞ்சிருக்கு. சக்கரை பல வருஷமா இருந்திருக்கணும், பார்க்காம விட்டிருக்கீங்க. இது கண்ணாடி போட்டு சரியாகற விஷயம் இல்லைங்க. லேசர் பண்ணணும், மாத்திரை சாப்பிடணும். இப்ப இருக்கற பார்வையைக் காப்பாத்தறதுதான் நம்ம வேலை."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தாகம் நிறைய எடுக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"எடுக்கும்."

"எடுத்தா என்ன குடிப்பீங்க?"

மாமா சட்டென்று, "டீங்க" என்றார். "டீ, தண்ணி."

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. நான் கம்பெனி பெயர் போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட அதைத்தான் போடுவேன், துணி நன்றாக இருக்கும். கண் போகப் போகிறது என்று சொன்ன இரண்டாவது நிமிஷத்தில், டாக்டர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

"இல்லைங்க டாக்டர்," என்றேன். "கூல்ட்ரிங்க்ஸ். ஒரு நாளைக்கு மூணு நாலு. நான்தான் அந்தக் கம்பெனி சேல்ஸ்மேன்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "அது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கலாம், உட்கார்ந்தே செய்யற வேலை, சாப்பாடு, எல்லாம் சேரும். ஆனா ஒண்ணு பாருங்க. இந்த அளவுக்குத் தாகம் எடுக்கறதே சக்கரை ஏறினதாலதான். அந்தத் தாகத்துக்கு இவரு மறுபடி சக்கரையே குடிச்சிருக்காரு. குடிக்கக் குடிக்கத் தாகம்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க விக்கற பாட்டில்ல எவ்வளவு சக்கரைன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எந்தக் கடையில் எந்த அடுக்கில் எத்தனை பாட்டில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், பாட்டில் வளையும் இடத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நூறு மில்லிக்கு இவ்வளவு கிராம் என்று இருந்தது. யாரும் நூறு மில்லி குடிப்பதில்லை. பாட்டில் அளவுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். பெருக்கினேன். அக்கா சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து ஒரு தட்டில் ஸ்பூனால் போட ஆரம்பித்தாள். நான்காவது ஸ்பூனில் என்னைப் பார்த்தாள். "இன்னும் போடு" என்றேன். ஐந்து. ஆறு. ஆறுக்கு மேலும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது.

"இது ஒரு பாட்டிலா?" என்றாள்.

"ஒரு பாட்டில். சின்னது."

அவள் தட்டையும் ஸ்பூனையும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் வேலூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் சேல்ஸ்மேன் மீட்டிங். எங்கள் ஏரியா ஆபீசர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். மரியாதையாகப் பேசுவார், கத்தமாட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது சின்ன பாட்டிலுக்கு ஸ்கீம் வருகிறது, பள்ளிக்கூடத்தைச் சுற்றி இருக்கிற கடைகளை இப்போதே பிடிக்க வேண்டும் என்று திரையில் போட்டுக் காட்டினார். முடித்துவிட்டு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றார். ஒன்பது வருஷத்தில் நான் கேள்வி கேட்டதே கிடையாது. எழுந்தேன்.

"சார், பாட்டில்ல எவ்ளோ சக்கரைன்னு தமிழ்ல, பெரிசா, எத்தினி ஸ்பூன்னு போட்டா இன்னா சார்?"

சிலர் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "அப்புறம் எவன்டா வாங்குவான்?" என்றான். ஹாலே சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. "டீ டைம்ல பேசலாங்க," என்றார்.

டீ நேரத்தில் என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"கஷ்டமா இருக்குங்க," என்றார். "ஆனா லேபிள்ல எல்லாமே போட்டிருக்கோம். சட்டம் என்ன கேக்குதோ அது இருக்கு. சக்கரை இல்லாத வகையும் கொண்டு வந்திருக்கோம். எதை வாங்கறதுன்னு வாங்கறவங்கதானே முடிவு பண்ணணும்?"

"சார், அந்த லேபிள நானே ஒன்பது வருசமா படிக்கல. நான் டிப்ளமா. எங்க மாமா ஆறாவது. அவரு எங்க சார் முடிவு பண்ணாரு? தாகம் எடுக்கற எடத்துல ஃப்ரிட்ஜ வெச்சது நான். வெக்கச் சொன்னது நீங்க. உங்களுக்குச் சொன்னது யாரோ."

அவர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மொபைலை எடுத்து எதையோ தேடினார். கம்பெனியின் விதிமுறைகள் என்று ஒரு நீளமான ஆங்கில ஆவணம். விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். மெதுவாகப் படித்தார். பள்ளிக்கூடங்களுக்கு அருகில் சிறு பிள்ளைகளை நோக்கி விளம்பரமோ விற்பனைக்கான பொருள்களோ வைக்க மாட்டோம் என்று கம்பெனியே எழுதி வைத்திருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதை அன்றைக்குத்தான் முதன்முதலில் படிக்கிறார் என்று தெரிந்தது.

"இருக்குங்க," என்றார்.

அவ்வளவு பெரிய கம்பெனி. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாட்டில் ஊதுகிற கம்பெனி. தெள்ளார் தாண்டி ஒரு ஒற்றைக் கடைக்கும் தவறாமல் சரக்கு போய்ச் சேர வழி கண்டுபிடித்த கம்பெனி. அது தானே எழுதிய ஒரு வரி மட்டும் வேலூர் வரைகூட வந்து சேரவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வியப்புதான் வந்தது.

அந்த ஆபீசரைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நாளில் பள்ளிக்கூட வாசல் ஃப்ரிட்ஜை எடுக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு அனுப்பினார். தமிழில் ஸ்பூன் கணக்குப் போடச் சொல்லி மேலிடத்துக்கும் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. ஃப்ரிட்ஜை எடுக்க நானே போனேன். கடைக்கார அம்மா என்னைச் சும்மா விடவில்லை.

"வெக்கும்போது அக்கா அக்கான்னு காலச் சுத்திகினு வந்த. இப்ப வந்து புடுங்கினு போற. இன்னா பேஜாரு உன்னோட?" என்றார்.

காரணத்தைச் சொன்னேன். பாதி கேட்டார். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது அதே இடத்தில் வேறு நிறத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. வேறு கம்பெனி. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னை மாதிரி எவனோ ஒரு கெட்டிக்காரன் அந்தக் காலி இடத்தைப் பார்த்திருக்கிறான்.

ஆனி மாதத்தோடு வேலையை விட்டேன். இப்போது ஓர் அரிசி ஆலைக்கு டெலிவரி வண்டி ஓட்டுகிறேன். என் லைனுக்கு ஒரு வாரத்திலேயே வேறு ஆள் வந்துவிட்டான். நல்ல பையன். தெருமுனைப் பெட்டிக்கடை ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

இதற்குள் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் லேசர் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். மாத்திரை, கேழ்வரகு, காலையில் கோட்டை மைதானத்தைச் சுற்றி நடை. அக்கா சொன்னதைத் தட்டாமல் செய்தார். இடது கண் பார்வை பெரிதாகத் திரும்பவில்லை. வலது கண்ணில் இருந்த பார்வை குறையாமல் நின்றது. திரும்பத் தறியில் உட்கார்ந்தார். ஜரிகை வரிசை வரும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வாள். அவரை நினைத்து எனக்கு இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாமா போன் செய்தார். "நாளைக்கு லீவு போடு மச்சான். உன் வண்டி வேணும்."

"எதுக்கு மாமா?"

"வா, சொல்றேன்."

அன்று சாயங்காலமே போனேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பித் தயாராக நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவில் முதல் வீட்டுக்குள் போனார். அங்கே தறியில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டு, "வாண்ணே, இன்னா இந்தப் பக்கம்?" என்றார்.

மாமா உட்காரவில்லை. "தம்பி, உனக்கு மச்சான் கம்பெனிய மொத மொதல்ல கையில குடுத்தவன் நானு. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அதுக்கு இன்னா?"

"என் கண்ணு போனது உனக்குத் தெரியும். உனக்கு இருக்குதா இல்லியான்னு நாம பாக்கணும். நாளைக்குக் காலைல கெவர்மென்ட் ஆஸ்பத்திரில சக்கரை பாக்கறாங்க. ஜல்தியா போயிட்டு வந்துரலாம். சாப்புடாம வா."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத்தான் கீறேன்."

"நானும் நல்லாத்தான் இருந்தேன்," என்றார் மாமா. "இல்லன்னா சந்தோசம். ஒரு விரல் குத்துதான். எனக்காக வா."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு. "உனக்கு வாங்கிக் குடுத்தவன் நான்." ஓர் இடத்தில் சிரித்தார்கள். ஓர் இடத்தில் ஒருவர், "வித்தவன் உன் மச்சான், அவன இழுத்துகினு வந்து எங்கள டெஸ்ட்டு எடுக்கச் சொல்றியா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் தலை குனிந்தேன். மாமா, "ஆமாப்பா. அதான் அவன் வண்டியிலயே கூட்டிகினு போறேன்," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேனே தவிர என் நினைவு எங்கேயோ இருந்தது. சர்க்கரையைக் கொட்டியவர்கள் அது தங்கள் பொறுப்பு இல்லை என்று நினைத்திருப்பார்கள். விளம்பரம் செய்தவர்கள், லேபிள் அச்சடித்தவர்கள், எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கும் இருந்தது. ஒன்பது வருஷம் அதை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். இந்த விஷயத்தில் யாரும் குறை சொல்லவே முடியாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது மாமாதான். பாசத்தில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்தவர். கண்ணைப் பறிகொடுத்தவரும் அவரே. அந்த மனிதர் பாதிக் கண்ணோடு ஒவ்வொரு படியாக ஏறி, இது என்னுடையது என்று சொல்லிக்கொண்டு போகிறார். இவ்வளவு பெரிதான ஒன்றை இதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் காலை, ஆலையில் கேட்டு வாங்கி வந்த என் அரிசி வண்டியின் பின்பக்கம் பதினோரு பேர் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் வரிசையாக நின்றோம். நர்ஸ் ஊசியைப் பிரித்து முதல் ஆளின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான்," என்றார் நர்ஸ்.

"பயமில்லம்மா," என்று மாமா முன்னால் வந்தார். "அது இழை முடிச்சுப் போடற விரலு. அதுல வலி இருந்தா பட்டு வழுக்கும். இடது கை சுண்டு விரல்ல குத்துங்க. இவங்க எல்லாருக்கும் அதுலயே குத்துங்க."

நர்ஸ் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். பதினோரு பேரும் இடது கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன்.

நான்கு பேருக்கு அதிகமாக இருந்தது. அதில் ஒருவர், முந்தைய நாள் என் முகத்துக்கு நேராகவே அப்படிக் கேட்டவர். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் போய்த் தனியாக நின்றார். மாமா தட்டுத்தடுமாறி அவர் பக்கம் போய் நின்றார்.

"கண்ணு போயிடுமாண்ணே?" என்று அவர் கேட்டார்.

"போவாது. நீ ஜல்தி வந்துட்ட. நான்தான் லேட்டு," என்றார் மாமா. "மாத்திரை குடுப்பாங்க. புதன்கிழமை புதன்கிழமை நானும் வரணும். ரெண்டு பேரும் ஒண்ணா வந்துரலாம்."

அவர் தலையாட்டினார். நான் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தேன். ஒவ்வொருவராக ஏறி, அரிசி மூட்டை போடும் பலகையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. போகிற வழியில் இட்லிக் கடையில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன்.